அம்பலவாணர் கண்ட பூஜ்யம்

சென்ற மாதம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சிலர் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அவர்களுடைய ஆய்வுக்கூடத்தில் புதிதாக வந்திறங்கியிருக்கும் ஹீலியம் எந்திரத்தைக் காட்டினார்கள். காற்றைவிட லேசான அந்த வாயுவை அது குளிரவைத்துத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடுகிறது. அதற்குள் ஓர் ஈயக் கம்பியை இறக்கினார்கள். திரையில் கம்பியின் மின்தடையைக் காட்டும் கோடு மெல்ல இறங்கி வந்து, திடீரென்று விழுந்து, அடிக்கோட்டோடு ஒட்டிக்கொண்டது. பூஜ்யம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டியிருக்கலாம். வாய் சும்மா இருக்கிறதா?

"சாட்சி போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்ன சாட்சி அங்கிள்? இது என்ன கோர்ட்டா?" என்று ஒரு பையன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். கூட இருந்த விரிவுரையாளர் பெண் மட்டும் சிரிக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க காலத்துல ஐஸ் கட்டியும் உப்பும்தானே இருந்திருக்கும். அத வச்சுக்கிட்டு இந்தப் பாடத்த எப்படிப் படிச்சீங்க? எழுதிக் குடுங்களேன் லா, நாங்க மலர்ல போடுறோம்" என்றாள். மரியாதையாகக் கேட்டாள், அதனால் எழுதுகிறேன். சிரித்த பையனும் படித்துவிட்டுப் போகட்டும்.

இப்போது இதற்கு மீக்கடத்தல் என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டார்கள். நாங்கள் படித்த முப்பதுகளில் தமிழில் இதற்குப் பெயரே கிடையாது. 'தடை செத்துப் போறது' என்போம். சில உலோகங்களை மகாக் குளிரில் வைத்தால், ஒரு கட்டத்தில் மின்சாரத்துக்கு அவை தரும் தடை முழுசாகச் செத்துப்போகும். கொஞ்சம் குறைவது இல்லை, சுத்தமாக இல்லாமலே போய்விடும். இவ்வளவுதான் பாடம். இது ஏன் நடக்கிறது என்று அப்போது உலகத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அது எங்களுக்கு ஒருவிதத்தில் ஆறுதலாகவே இருந்தது.

என் அப்பா ரயில் தண்டவாளத்தில் கல்லு அடித்தவர். மலாயாவின் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து, அங்கேயே மிஷன் பள்ளியில் படித்து, மின்சார இலாகாவின் சோதனை அறையில் உதவியாளனாகச் சேர்ந்தேன். சேர்ந்த கதையும், முதல் சில வருஷம் செப்புக் கம்பி துடைத்த கதையும் யாருக்கு வேண்டும்? நேராக அம்பலவாணரிடம் வருகிறேன்.

சோதனை அறைக்குத் தலைவர் அம்பலவாணர். யாழ்ப்பாணத்துக்காரர். இளவயதில் கப்பலேறி வந்தவர், தங்கச்சிமார் மூவரையும் இங்கிருந்தே பணம் அனுப்பிக் கட்டிக்கொடுத்தவர், தான் கட்டிக்கொள்ள மறந்துபோனவர். ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். நெற்றியில் மூன்று பட்டை விபூதி, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. எந்தக் கம்பி முனையைத் தொடுமுன்னும் கையைக் கழுவி, துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைப்பார். "இந்த ஊர் வியர்வை உப்பு, காணும். உப்புக்குள்ளால கரண்டு ஓடும்" என்பார்.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை என்றுதான் சொல்லியிருப்பேன், அந்த ஒரு திங்கட்கிழமை மட்டும் இல்லாதிருந்தால். நாங்கள் ஓர் அளவைத் தப்பாக எடுத்தால், தப்பு என்று சொல்லமாட்டார். பக்கத்தில் வந்து நிற்பார். தொண்டையைக் கனைப்பார். "இருக்கலாம்" என்பார். அந்த 'இருக்கலாம்' காதில் விழுந்தால் அளவை முதலிலிருந்து மறுபடி எடுப்போம். நாலு அறை விட்டாலும் பரவாயில்லை என்று தோன்றும்.

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. அளவு பூஜ்யம் என்று வந்தால் நம்பாதே. கருவியில் முள்ளுக்குப் பதிலாக அளவுகோட்டின்மேல் நகரும் வெளிச்சப் புள்ளி அசையவில்லை என்றால் அதற்கு இரண்டு காரணம் உண்டு. அளக்கும் பொருளில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், அல்லது உன் கம்பி அறுந்தோ ஒட்டியோ கிடக்கலாம். புள்ளிக்கு வித்தியாசம் தெரியாது. அதனால், பூஜ்யம் வந்தவுடனே அளந்த பொருளைக் கழற்றிவிட்டு, அதே கம்பிகளில், அதே முனைகளில், தடை இவ்வளவு என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு சுருளை மாட்ட வேண்டும். அந்தச் சுருளுக்குத்தான் சாட்சி என்று பெயர். சாட்சியை மாட்டியதும் புள்ளி நகர்ந்து சரியான இடத்தில் நின்றால், முன்பு வந்த பூஜ்யம் உண்மை. சாட்சிக்கும் பூஜ்யமே காட்டினால், பொய் சொல்வது கம்பி.

கிள்ளானில் ஒரு நிலத்தடிக் கேபிளைச் சோதித்தபோது இதை நான் கண்ணால் பார்த்தேன். கசிவு பூஜ்யம், கேபிள் சுத்தம் என்று நாங்கள் எழுதப்போனோம். "சாட்சி?" என்றார் அம்பலவாணர். மாட்டினால் புள்ளி செத்த பாம்பு மாதிரி கிடந்தது. எங்கள் கம்பிதான் உறைக்குள்ளே அறுந்திருக்கிறது. வேறு கம்பியில் அளந்தால் கேபிள் முழுக்கக் கசிவு. அப்படியே மின்சாரத்தைக் கொடுத்திருந்தால், குழிக்குள் நின்றுகொண்டிருந்த ஆட்கள் கதி என்ன? அன்றைக்குப் பிறகு சாட்சி போடாமல் நான் டீக்கூடக் குடித்ததில்லை என்று நண்பர்கள் கேலி பேசுவார்கள்.

சீமைப் பல்கலைக்கழகம் ஒன்று, கடல் கடந்து இருப்பவர்கள் வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதிப் பௌதிகத்தில் உயர்பட்டம் வாங்கலாம் என்று வைத்திருந்தது. எழுத்துத் தாள்களை இங்கேயே எழுதலாம். கூடவே சொந்தமாக ஒரு சோதனை செய்து கட்டுரை கொடுக்க வேண்டும், அதைப் பற்றி வாய்மொழியாகவும் பதில் சொல்ல வேண்டும். நான் பதிந்துகொண்டு, அனுமதிக் கையெழுத்துக்காகக் காகிதத்தை அம்பலவாணரிடம் நீட்டினேன். அவர் அதை மேலிருந்து கீழாக வாசித்தார். விசேஷப் பாடங்களின் வரிசையில் ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

"இதென்ன மாரிமுத்து? குளிரில தடை இல்லாமப் போறதோ?"

"ஆமாங்க ஐயா. பாதரசம், ஈயம், தகரம், இன்னும் சிலது."

"குறையிறதெண்டு சொல்லும்."

"குறையறது இல்லீங்க. இல்லவே இல்லாமப் போயிருது. ஒரு வளையத்துல கரண்ட விட்டா, பேட்டரிய எடுத்தப்புறமும் ஓடிக்கிட்டே இருக்குமாம்."

"ஆர் தள்ளுறது?"

"தள்ள வேண்டியதில்லீங்க ஐயா. தடுக்கத்தான் ஆள் இல்லியே."

அவர் காகிதத்தை மேசையில் வைத்தார். பிறகு, "நான் இந்தக் கதிரையில இருந்து வாழ்நாள் முழுக்கத் தடையைத்தானே அளந்தனான். அது இல்லாத இடம் ஒண்டு இருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். மறுநாள் அவரும் பதிந்துகொண்டார். சோதனை அறைத் தலைவரும் அவருக்குக் கீழே கம்பி துடைத்தவனும் ஒரே வகுப்பு மாணவர்கள்! பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க இதே பேச்சு. சாகப்போற வயசுல சங்கரா சங்கராவா என்று அவர் காதுபடவே சொன்னார்கள்.

அவருக்கு அடுத்த வருஷம் ஓய்வு. ஓய்வு கிடைத்ததும் வீட்டைக் காலிசெய்துவிட்டு ஊருக்குக் கப்பலேற வேண்டும். பதவி உயர்வுக்கோ சம்பளத்துக்கோ அந்தப் பட்டம் அவருக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன், எதுக்கு ஐயா இந்தப் பாடு என்று. "வரேக்க அரைகுறைப் படிப்போட வந்தனான். போகேக்க முழுசாப் போகவேணும். வேற ஒண்டுமில்லை" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆனால் அவர் அதை எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரிந்துபோயிற்று.

அலுவலகம் திறப்பதற்கு முன் காலையில் அதே மேசையில் உட்கார்ந்து படிப்போம். கணக்கில் அவர் படு மோசம். எலெக்ட்ரான் ஓர் அலை என்று வரும் சமன்பாடுகளைப் பார்த்தால் அவருக்கு வியர்த்துக் கொட்டும். நான் படிப்படியாகப் போட்டுக் காட்டுவேன். "விளங்குது, விளங்குது" என்பார். மறுநாள் கேட்டால் முதல் வரியிலேயே மாட்டிக்கொள்வார். ஆனால் பாடத்தில் சோதனை என்று ஏதாவது வந்தால் அவர் ராஜா. ஹாலந்து தேசத்தில் முதன்முதலாகப் பாதரசத்தில் பூஜ்யத்தைக் கண்டவர்கள் என்ன கருவி வைத்திருந்தார்கள், எத்தனை கம்பி இறக்கினார்கள் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். எனக்கு நேர்மாறு. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு நல்ல மாணவன் கிடைத்திருப்பான். அந்தக் காலைகளைப்போல் சந்தோஷமாக நான் எப்போதும் படித்ததில்லை.

கட்டுரைக்கு என்ன சோதனை செய்வது? நிஜமான பூஜ்யத்துக்கு வேண்டிய குளிர் ஐரோப்பாவிலேயே ஒன்றிரண்டு இடத்தில்தான் கிடைக்கும். ஆனால் சாலாக் செலாத்தான் பக்கம், இரும்பை ஒட்டவைக்கும் வாயு செய்கிற சிறு தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே காற்றையே திரவமாக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு அம்பலவாணர் நடையாய் நடந்தார். பரீட்சைக்கு முன் ஒரே ஒரு தடவை, ஒரு குடுவை தருவதாகச் சம்மதித்தார்கள். மீக்கடத்தலுக்கு அந்தக் குளிர் எந்த மூலைக்கும் போதாது என்பது எங்களுக்குத் தெரியும். ஈயத்தின் தடை அதில் நாலில் ஒரு பங்காகக் குறையும் என்று புத்தகத்தில் இருந்தது. குறைவதை ஒழுங்காக அளந்து, அந்தக் கோட்டை இன்னும் கீழே நீட்டினால் எங்கே போய் நிற்கும் என்று விவாதிப்பதே எங்கள் கட்டுரை. ஒரே சோதனை, ஆளுக்கொரு கட்டுரை.

எல்லாவற்றையும் அம்பலவாணர் தன் கையாலேயே செய்தார். மெல்லிய ஈயக் கம்பியை மைக்காத் தகட்டில் சுற்றினார். மின்சாரம் கொண்டுபோக இரண்டு செப்புக் கம்பி, ஈயத்தின் இரு முனையிலும் மின்னழுத்தத்தைத் தொட்டெடுத்து வர இன்னும் இரண்டு. இந்தப் பின்னிரண்டு கம்பிதான் செய்தி கொண்டுவரும் தூதுவர்கள். வெளியிலிருந்து வேறு மின்சாரம் தொந்தரவு செய்யாதிருக்க இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்குவது எங்கள் அறை வழக்கம். நூலும் பட்டும் சுற்றினால் இந்த ஊர் ஈரத்தைக் குடித்துக் கசியும், அதனால் ரப்பர் பூசுவது அம்பலவாணரே கண்டுபிடித்த முறை. என் அக்காவைக் கட்டிய மச்சான் காப்பாரில் தோட்ட வேலையில் இருந்தார். அவர் கொண்டுவந்த புது ரப்பர்ப் பாலில் கம்பியை முக்கி, உலர்த்தி, மறுபடி முக்கி, பளபளவென்று எடுத்தார் அம்பலவாணர். மழைக்காலத்தில்கூட அவருடைய கம்பி ஓர் இம்மியும் கசிந்ததில்லை. இலாகா முழுக்க அதைத்தான் பயன்படுத்தினோம். மலாயாவில் ரப்பரை யார் சந்தேகப்படுவான்?

ஒரு சனிக்கிழமை காலை ரிக்‌ஷாவில் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கொடுத்தனுப்பிய சீனக் கங்காணி "ஹாத்தி ஹாத்தி" என்று மலாயில் பத்து தடவை எச்சரித்திருந்தார். மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை வழிந்துகொண்டே இருந்தது. கோயில் முனையில் பூக்காரம்மா, "என்னா தம்பி, சாமிக்குச் சாம்பிராணியா?" என்று கேட்டுக் கும்பிட்டே விட்டாள்.

ஈயச் சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். நான் வெளிச்சப் புள்ளியைப் பார்த்து வாசிக்க, அவர் குறித்தார். குடுவையின் கழுத்துக்குள் போகப் போகத் தடை ஒழுங்காகக் குறைந்தது. புத்தகம் சொன்னபடியே வந்தது. திரவத்தைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. புள்ளி ஒரு துள்ளுத் துள்ளி, பூஜ்யத்தைக் காட்டும் நடுக்கோட்டில் போய் நின்றுவிட்டது.

நான் கருவியைத் தட்டினேன். அசையவில்லை. மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடுகிறது. சுருளை வெளியே தூக்கினால் தடை திரும்பி வந்தது. இறக்கினால் மறுபடி பூஜ்யம். தூக்கு, இறக்கு, தூக்கு, இறக்கு. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில், அதே துள்ளல். புத்தகத்தில் பாதரசத்துக்குப் போட்டிருந்த படம் அச்சாக அப்படியே!

"ஐயா" என்றேன்.

அம்பலவாணர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். கையைக் கழுவப் போனார். கழுவாமலேயே திரும்பி வந்தார். "மாரிமுத்து, இந்தக் குளிரிலயே ஈயம் தடையை விட்டுட்டுது. ஹாலந்துக்காரருக்கும் தெரியாத சங்கதி" என்றவர், சின்னப் பிள்ளை மாதிரி என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. கழுவாத கையோடு! எனக்கும் தலைகால் புரியவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார். வாசகசாலையில் சொன்னார். முடிதிருத்தும் கடையில் சொன்னார். புதன்கிழமை சீமைப் பேராசிரியர் வாய்மொழிப் பரீட்சைக்கு வருகிறார், அவர் முன்னால் இதைக் காட்டப்போகிறோம், பிறகு எல்லாருக்கும் தேநீர் விருந்து என்று ஊரையே அழைத்துவிட்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்கள் பத்து வயசு குறைந்துவிட்டது என்றார்கள்.

நான் வீட்டில் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். சோதனை முறையை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். கம்பி மாட்டியது, மின்சாரம் விட்டது, இறக்கியது, பூஜ்யம் வந்தது. அடுத்த வரி எழுதக் கை பழக்கத்தில் போனது. 'பிறகு சாட்சிச் சுருளை.' அங்கே நின்றுவிட்டேன். நாங்கள் சாட்சி போடவே இல்லை. இரண்டு பேரும் மறந்திருக்கிறோம். அவர் மறந்திருக்கிறார்!

திங்கட்கிழமை குடுவையைத் திறந்தால், திரவம் ஆவியாகி அடியில் கொஞ்சமே மிச்சம். ஒரே ஒரு முறை எதையாவது முக்கலாம், அவ்வளவே. அம்பலவாணர் ஈயச் சுருளை எடுத்து வைத்திருந்தார்.

"இந்தக் கடைசி முறை, துள்ளுற இடத்தை இன்னும் நுணுக்கமா அளந்துபோட்டமெண்டால் படம் முழுசாயிடும்" என்றார்.

"ஐயா, சாட்சி போடல்லீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சனிக்கிழமை நாம சாட்சி போடவே இல்ல. இருக்கற திரவத்துல அதத்தான் போடணும் ஐயா."

"பிறகு ஈயத்துக்குத் திரவம் எங்க? புதன்கிழமை அந்த மனுசனுக்கு நான் எதைக் காட்டுறது?"

"தெரியலீங்க. ஆனா சாட்சி இல்லாம…"

"எனக்கே சாட்சியோ!" என்று மேசையில் அடித்தார். கண்ணாடிப் பாத்திரங்கள் அதிர்ந்தன. "நான் கட்டின கம்பி. நான் பூசின ரப்பர். இந்தக் கையில பிழை வந்ததை நீர் ஒருநாள் பாத்தனீரோ? ஆருக்கு ஆர் படிப்பிக்கிறது? போம் வெளியில!"

நான் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. போட்டுத் தொலைக்கட்டும், என் பேரை எடுத்துவிடுகிறேன் என்று நினைத்தேன். உடனே அவருடைய ஞாயிற்றுக்கிழமை முகம் நினைவுக்கு வந்தது. அந்த முகத்தோடு அவர் புதன்கிழமை பேராசிரியர் முன் போய் நிற்பதையும், அந்தப் பேராசிரியர் "சாட்சி போட்டீரா?" என்ற அதே கேள்வியை ஏதோவொரு வார்த்தையில் கேட்பதையும் நினைத்துப் பார்த்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்பலவாணர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பெட்டியைத் திறந்து சாட்சிச் சுருளை எடுத்தார். அது குளிரிலும் சூட்டிலும் தடை மாறாத கலப்பு உலோகத்தில் செய்தது. ஈயத்தைக் கழற்றிவிட்டு, அதே கம்பிகளில் அதை மாட்டினார்.

"வாரும், மாரிமுத்து. புள்ளியைப் பாரும். என்ர கண் இப்ப சரியில்லை."

இறக்கினார். புள்ளி சாட்சியின் தடையைச் சரியாகக் காட்டிக்கொண்டே வந்தது. திரவத்தைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கியது. ஒரு துள்ளுத் துள்ளி நடுக்கோட்டில் போய் நின்றது.

"என்ன காட்டுது?" என்றார்.

"பூஜ்யம் ஐயா."

அவர் கம்பியை வெளியே எடுத்து, சூடேறுவதற்குள் முறுக்கிய இடத்தை இடுக்கியால் லேசாக வளைத்தார். ரப்பர் அப்பளம் மாதிரி படபடவென்று நொறுங்கியது. குளிரில் ரப்பர் கண்ணாடியாகி வெடிக்கிறது, வெடிப்பு வழியே முறுக்கிய இரண்டு செம்பும் ஒன்றையொன்று தொட்டுவிடுகிறது. தூதுவர் இரண்டு பேரும் நடுவழியிலேயே கைகோர்த்துக்கொண்டால் செய்தி எப்படி வந்துசேரும்? வெளியே எடுத்தால் ரப்பர் இளகி, பழையபடி இடைவெளி விடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் அத்தனை ஒழுங்காகப் போய்வந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை. குளிர் தேசத்துக்காரன் இந்தத் தப்பைச் செய்யமாட்டான், அவனுக்கு ரப்பர்மேல் இவ்வளவு பக்தி கிடையாது.

அம்பலவாணர் நொறுங்கிய துண்டுகளை ஒரு வெள்ளைத் தாளில் பொறுக்கி வைத்தார். "மேசையில அடிச்சதுக்கு மன்னியும்" என்றார். "ஐயா, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். பிறகு அவர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வாசகசாலை, முடிதிருத்தும் கடை, கோயில் என்று ஒவ்வொரு இடமாகப் போய், "நான் சொன்னது பிழை. தேத்தண்ணி மட்டும் உண்டு" என்று சொல்லிவிட்டு வந்தார். சிலர் சிரித்திருக்கிறார்கள். அவர் நின்று, சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, விளக்கமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

புதன்கிழமை பேராசிரியர் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கி ரயிலில் வந்தார். என்னை நிறையக் கணக்குக் கேட்டார். அம்பலவாணரிடம் கணக்குக் கேட்கவில்லை, நொறுங்கிய ரப்பர் இருந்த தாளைக் காட்டி இது என்ன என்றார். இவர் முதலிலிருந்து சொன்னார். ஒழுங்காக வந்த அளவுகள், பொய்ப் பூஜ்யம், அதை எப்படி நம்பினோம், எப்படிப் பிடித்தோம், எல்லாம். "பூஜ்யத்தைக் கண்டபோது என்ன செய்தீர்கள்?" என்று பேராசிரியர் கேட்டார். "கோயிலுக்குப் போனேன், ஐயா" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. பேராசிரியர் சிரித்தார். ஆனால் கேலியாகச் சிரிக்கவில்லை. எழுந்து இவருக்குக் கை கொடுத்தார். அன்று மாலை தேநீர் விருந்துக்கும் வந்து, இரண்டு வடை சாப்பிட்டார்.

எழுத்துத் தாள்கள் அதன் பிறகு வந்தன. மாதங்கள் கழித்து முடிவு வந்தது. தேறியவர்கள் எண்களில் என் எண் இருந்தது. அவருடையது இல்லை. சோதனையிலும் வாய்மொழியிலும் என்னைவிடக் கூடுதலாக வாங்கியிருந்தார், கணக்குத் தாள் காலை வாரிவிட்டது. நான் சோதனை அறையிலேயே உட்கார்ந்து அழுதேன். நியாயமா இது என்று கத்தினேன். "உம்மட வாயை மூடும். தெரியாத கணக்குக்கு அவங்கள் எப்பிடி மார்க்ஸ் போடுவாங்கள்?" என்று அதட்டினார். அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு, பொய்ப் பூஜ்யத்தைச் சொல்லித் திரிந்த அதே கடைகளுக்குப் போய், "எங்கட மாரிமுத்து பாஸ்! ஆனர்ஸ்!" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னார். நான் பின்னாலேயே போனேன். அன்றைக்கு எனக்குப் பட்டம் கிடைத்ததில் துளிக்கூடச் சந்தோஷம் இல்லை.

அந்தப் பட்டத்தால் பிற்பாடு கல்லூரியில் வேலை கிடைத்து, ஓய்வுபெறும்வரை பாடம் சொல்லிக்கொடுத்தேன். என்னிடம் படித்தவர்களெல்லாம் சாட்சி போட்டுப் பழகியவர்கள். அந்தக் கதை போகட்டும்.

அம்பலவாணர் ஓய்வுபெற்றார். நாற்பது வருஷத்துச் சாமான் இரண்டு பெட்டியில் அடங்கிவிட்டது. நானும் மச்சானும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வழியனுப்பப் போனோம். கப்பல் கம்பெனிக் கூடாரத்தில் ஒரு தமிழ்க் குமாஸ்தா பயணிகளை ஒவ்வொருவராகக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் பெரிய வரிசை.

"பேரு?"

"அம்பலவாணர்."

"எந்த ஊருக்கு?"

"யாழ்ப்பாணம்."

"தொழில்?"

அவருக்குச் சிரமம் வேண்டாமே என்று, "பென்ஷன்காரர்னு போட்டுக்குங்க அண்ணே" என்றேன் நான்.

அம்பலவாணர் தொண்டையைக் கனைத்தார். "நீர் சும்மா இரும், மாரிமுத்து. என்ர தொழிலை நான் சொல்லுறன்" என்றார். பிறகு குமாஸ்தாவின் பக்கம் திரும்பி, "மாணாக்கன்" என்றார்.

குமாஸ்தா பேனாவைத் தூக்கிக்கொண்டு அவருடைய வெள்ளைத் தலையைப் பார்த்தார். "என்னங்க ஐயா சொன்னீங்க?"

"ஸ்டூடன்ட். வாற வருசம் கொழும்பில கணக்குத் தாள் எழுதவேணும். எழுதும்."

குமாஸ்தா என்னைப் பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். "ஐயா சொல்றது சரிதான் அண்ணே, எழுதுங்க" என்றேன்.

அவர் எழுதினார். அம்பலவாணர் குனிந்து, எழுதியது சரியா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கப்பலை நோக்கி நடந்தார்.